ரோல்பேக் இருந்தும் ஓநாய் மனிதன் ஏன் தாவித் தாவி வருகிறான்? அரக்கர் சண்டை விளையாட்டுகளின் ஆன்லைன் கணக்கு

பழைய அரக்கர் சண்டை விளையாட்டு ஒன்று புதிய கன்சோலுக்கு வருகிறது என்றால், ஆடுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'நெட்கோட் எது?' என்பதுதான். இருவரின் கன்சோல்களையும் இணையம் வழியாக ஒத்துப்போக வைக்கும் நிரல்தான் நெட்கோட். 'ரோல்பேக்' என்ற பதில் வந்ததும் பாதிப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். குழப்பம் வாங்கிய பிறகு வருகிறது. ஒருவரோடு ஆடினால் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவதுபோல் இருக்கிறது. அடுத்தவரோடு ஆடினால் ஓநாய் மனிதன் நடுவழி இல்லாமலே மூலைக்கு மூலை தாவுகிறான். வீட்டு இணைப்பு அதே, கன்சோல் அதே, விளையாட்டும் அதே.

ரோல்பேக் என்பது தூரத்தை அழிக்கும் மந்திரம் இல்லை. தூரத்தால் வரும் இழப்பை எங்கே ஒளித்து வைப்பது என்று தீர்மானிக்கும் ஒரு முறை, அவ்வளவுதான். எங்கே ஒளிக்கிறது, எப்போது ஒளிக்க முடியாமல் வெளியே தெரிகிறது என்று புரிந்தால், கோளாறு எந்தப் பக்கம் என்பதைத் திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் விளையாட்டு

காப்காம் நிறுவனத்தின் டார்க்ஸ்டாக்கர்ஸ் 1994-இல் ஆர்கேடுக்கு வந்தது. ஜப்பானில் அதன் பெயர் வாம்பயர். ரத்தக்காட்டேரி டெமிட்ரி, மோகினி மோரிகன், ஓநாய் மனிதன் ஜான் டால்பைன், மம்மி அனகாரிஸ், பூனைப்பெண் ஃபெலிசியா, சபிக்கப்பட்ட கவசம் பூண்ட பிஷமோன் என்று ஆட்கள் எல்லாருமே பேய்க்கதை மனிதர்கள். 1995-இல் இரண்டாம் பாகமும், 1997-இல் வாம்பயர் சேவியர் என்ற மூன்றாம் பாகமும் வந்தன. 2013 மார்ச்சில் பின்னிரண்டு பாகங்களையும் சேர்த்து டார்க்ஸ்டாக்கர்ஸ் ரிசரக்‌ஷன் என்று பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்களுக்குக் கொடுத்தார்கள். அயர்ன் கேலக்ஸி என்ற நிறுவனம் அதை உருவாக்கியது, நெட்கோட் ஜிஜிபிஓ என்ற ரோல்பேக் நிரல். 2022 ஜூனில் வந்த காப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷனில் இத்தொடரின் ஐந்து ஆர்கேட் விளையாட்டுகளும் ரோல்பேக்குடன் இருக்கின்றன.

இதே குடும்பத்தில் 2013-இன் கில்லர் இன்ஸ்டிங்க்டும் சேரும். நகரங்களை நொறுக்கியபடி நால்வர் வரை மோதும் 2022-இன் கிகாபேஷும் உண்டு. அது வேறு வகைச் சிக்கல், பின்னால் வருகிறேன்.

ஃபிரேம்: எல்லாவற்றுக்கும் அளவுகோல்

சண்டை விளையாட்டு வினாடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பிக்கிறது. ஒரு முறைக்கு 16.67 மில்லிவினாடி. இதுதான் ஒரு ஃபிரேம். ஒரு குத்து 'ஐந்து ஃபிரேமில் பாய்கிறது' என்றால், பொத்தானை அழுத்தி 83 மில்லிவினாடிக்குள் அது எதிராளிமேல் பட முடியும். கண்ணால் பார்த்துக் கையால் பதில் சொல்ல மனிதருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லிவினாடி வேண்டும். அதாவது 12 முதல் 15 ஃபிரேம்.

பிங் என்பது ஒரு செய்தி போய்த் திரும்பி வர ஆகும் நேரம். ஆட்டத்துக்கு வேண்டியது ஒருவழி நேரம், அதனால் பிங்கைப் பாதியாக்கி 16.67-ஆல் வகுக்க வேண்டும். பிங் 60 என்றால் சுமார் 2 ஃபிரேம். 100 என்றால் 3. 200 என்றால் 6. கண்ணாடியிழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். ஆகவே இருவருக்கும் இடையே 6,000 கிலோமீட்டர் என்றால், கம்பி நேர்கோட்டில் கிடந்தாலும் பிங் 60-க்குக் கீழே இறங்காது. கம்பி நேர்கோட்டில் கிடப்பதும் இல்லை.

வலையில் போவது அரக்கன் இல்லை, பொத்தான்

பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். பெரிய அரக்கன், நெருப்பு, வெடிப்பு எல்லாம் இணையம் வழியாகப் போகின்றன, அதனால் வேகமான இணைப்பு வாங்கினால் சரியாகிவிடும் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டு கன்சோல்களும் ஒரே ஆட்டத்தைத் தனித்தனியாக ஓட்டுகின்றன. வலையில் போவது 'இந்த ஃபிரேமில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது' என்ற தகவல் மட்டுமே. ஆறு அடிப் பொத்தான், நான்கு திசை: மொத்தம் பத்து பிட், இரண்டு பைட்டில் அடங்கிவிடும். வினாடிக்கு 60 முறை என்றால் 120 பைட். வலையில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் (பாக்கெட்) முகவரித் தலைப்பாக 28 பைட் சேர்த்தாலும் 2 கிலோபைட்டைத் தாண்டாது. தொலைந்தால் ஈடுகட்ட முந்தைய சில ஃபிரேம்களின் பொத்தான்களையும் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அதையும் சேர்த்தால் சில கிலோபைட்.

ஆக, 100 மெகாபிட் இணைப்பை 500 ஆக்கினால் டெமிட்ரி வேகமாக வரப்போவதில்லை. டெமிட்ரி தன் மிட்நைட் ப்ளிஸ் தாக்குதலால் எதிராளியின் உருவத்தையே மாற்றும்போதுகூட வலையில் கூடுதலாக எதுவும் போவதில்லை. இரண்டு கன்சோலுக்கும் ஒரே பொத்தான் வரிசை கிடைத்தால் இரண்டும் ஒரே முடிவுக்கு வந்து சேரும். அப்படிச் சேர ஒரு நிபந்தனை உண்டு: கணக்கு இருபக்கமும் எண் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். குருட்டாம்போக்கு எண்கள்கூட ஒரே விதையிலிருந்து பிறக்க வேண்டும். அது பிசகினால் என் திரையில் ஓநாய் விழுந்துகிடக்கும், உங்கள் திரையில் நின்றுகொண்டிருக்கும். இதற்கு டீசிங்க் என்று பெயர். இருபக்க நிலையையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்கும் விளையாட்டுகள், இது தெரிந்தவுடன் ஆட்டத்தை முறித்துவிடும்.

காத்திருக்கும் பழைய முறை

டிலே முறையில் எதிராளியின் பொத்தான் வந்து சேரும்வரை ஃபிரேம் நகராது. அதை மறைக்க, உங்கள் பொத்தானையும் அதே அளவு தாமதித்தே ஏற்பார்கள். பிங் 100 என்றால் மூன்று ஃபிரேம், பாதுகாப்புக்கு ஒன்றிரண்டு சேர்த்து நான்கைந்து. படம் சீராகவே ஓடும், பொத்தான் மட்டும் ஈரத்துணிபோல் கனக்கும்.

தாமதம் மாறாமல் இருந்தாலாவது கை பழகிக்கொள்ளும். அது நடுவில் மாறுவதுதான் கொடுமை: ஒரு பொட்டலம் தாமதித்தால் திரை மொத்தமும் நின்று நகரும், நேற்றுவரை கண்ணை மூடிக்கொண்டு வந்த தொடர் அடி இன்று விழாது.

ஊகித்து ஓடும் முறை

ஜிஜிபிஓவை எழுதியவர் டோனி கேனன். எவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2006 வாக்கில், கன்சோலில் வந்த ஒரு பழைய ஆர்கேட் விளையாட்டின் ஆன்லைன் தாமதம் பொறுக்காமல் எழுதினார். 2019-இல் திறந்த மூலமாக்கிவிட்டார். அது செய்வது இதுதான்:

1. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஆட்டத்தின் முழு நிலையையும் நினைவகத்தில் ஒரு நகல் எடுத்து வைக்கிறது: இருவரின் இடம், உயிர், அசைவின் எத்தனையாவது படம், பறக்கும் எறிபொருள், எல்லாம்.
2. எதிராளியின் பொத்தான் இன்னும் வரவில்லை என்றால், 'போன ஃபிரேமில் எதை அழுத்தினாரோ அதையே இப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறார்' என்று ஊகித்து ஆட்டத்தை நகர்த்துகிறது.
3. உண்மையான பொத்தான் வந்ததும் ஊகத்தோடு ஒப்பிடுகிறது. சரியாக இருந்தால் எதுவும் செய்வதில்லை.
4. தவறாக இருந்தால், ஊகம் பிழைத்த ஃபிரேமின் நகலைத் திரும்ப ஏற்றி, அங்கிருந்து இன்றுவரை உள்ள ஃபிரேம்களைச் சரியான பொத்தான்களோடு மறுபடி கணக்கிட்டு, கடைசி ஒன்றை மட்டும் திரையில் காட்டுகிறது. இந்த நான்காவது படி முழுவதும் ஒரு ஃபிரேம் நேரத்துக்குள், 16.67 மில்லிவினாடிக்குள் முடிய வேண்டும்.
5. பின்னோக்கிப் போக ஓர் எல்லை உண்டு. ஜிஜிபிஓவின் மூலநிரலில் அது 8 ஃபிரேம். அதற்கும் மேல் செய்தி வரவில்லை என்றால் ஊகிப்பதை விட்டுவிட்டு ஆட்டம் காத்து நிற்கும்.

'போன முறை அழுத்தியதே இப்போதும்' என்பது இவ்வளவு முரட்டு ஊகமாக இருந்தும் எப்படிப் பலிக்கிறது? ஒருவர் வினாடிக்குப் பத்து முறை பொத்தான் நிலையை மாற்றுகிறார் என்று வைப்போம். அழுத்துவது ஒன்று, விடுவது ஒன்று. 60 ஃபிரேமில் பத்தில்தான் ஊகம் தோற்கும், ஐம்பதில் சரி. தோற்கும் பத்திலும் பெரும்பாலானவை பொத்தானை விட்ட நேரமாகவோ, ஏற்கெனவே அடி வாங்கித் தள்ளாடும் நேரமாகவோ இருக்கும். திரையில் எதுவும் மாறாது.

ஊகம் தோற்பது எங்கே

எதிராளி புதிதாக ஓர் அடியைத் தொடங்கும் ஃபிரேமில்தான் ரோல்பேக் கண்ணுக்குத் தெரியும். பின்னோக்கிய அளவு நான்கு என்றால் அந்த அடியின் முதல் நான்கு படங்கள் உங்கள் திரையில் வரவே வராது. 40 ஃபிரேம் காற்றில் மிதக்கும் குதிப்பில் நான்கு போனால் கண் பொருட்படுத்தாது. ஐந்து ஃபிரேம் குத்தில் நான்கு போனால், கை நீட்டியபடியே தோன்றுகிறது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிராளியின் அடியைப் பார்த்துத் தடுக்கும் விஷயத்தில் டிலேயும் ரோல்பேக்கும் ஒன்றுதான். 20 ஃபிரேமில் விழும் மேலடியை எடுத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்ல உங்களுக்கு 15 வேண்டும், மிச்சம் 5. டிலே முறையில் 20 படமும் தெரியும், உங்கள் தடுப்பு நான்கு ஃபிரேம் தாமதமாக ஏறும், மிச்சம் 1. ரோல்பேக்கில் 16 படமே தெரியும், தடுப்பு உடனே ஏறும். அப்போதும் மிச்சம் 1. ரோல்பேக் ஜெயிப்பது உங்கள் சொந்த அசைவில்: தொடர் அடி, குதிப்பு, துல்லியமாக விழ வேண்டிய நேரம் எல்லாம் எதிராளி எங்கிருந்தாலும் ஒரே கைக்கணக்கில் வரும். அதைத்தான் ஆடுபவர்கள் 'பக்கத்தில் உட்கார்ந்ததுபோல்' என்கிறார்கள்.

வாம்பயர் சேவியர் இந்த முறைக்கு ஒரு கடினமான பரீட்சை. மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, வேகம். டர்போ என்ற வேக அமைப்பில் அது நடுநடுவே சில ஃபிரேம்களின் படத்தை வரையாமல் கணக்கை மட்டும் ஓட்டுகிறது. அதனால் திரையில் ஏற்கெனவே குறைவாகத் தெரியும் அசைவில், ரோல்பேக் இன்னும் கொஞ்சம் வெட்டுகிறது.

இரண்டு, நகரும் விதம். பனிமனிதன் சாஸ்க்வாட்ச் ஓடாமல் தாழத் தாவுகிறது. அந்தத் தாவலிலேயே அடி விழும். டால்பைனின் பீஸ்ட் கேனன் தாக்குதல் திரையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். இவற்றின் தொடக்கம் வெட்டுப்பட்டால் ஆள் மறைந்து தோன்றுவதாகவே தெரியும். மெதுவாக அசையும் அரக்கன் விக்டரோடு அதே பிங்கில் ஆடினால் பாதிகூடத் தெரியாது. 'போன ஆட்டம் நன்றாக இருந்ததே' என்ற குழப்பத்துக்கு இதுவும் ஒரு விடை: மாறியது இணைப்பு இல்லை, அரக்கன்.

மூன்று, பொத்தானைப் படபடவென்று தட்ட வேண்டிய இடங்கள். தடுத்துக்கொண்டே எதிராளியைத் தள்ளிவிட, அடிப் பொத்தான்களை மிகக் குறுகிய நேரத்தில் பலமுறை தட்ட வேண்டும். அப்போது பொத்தான் நிலை வினாடிக்கு 20 முறைக்கு மேல் மாறுகிறது; ஊகம் அடுத்தடுத்துத் தோற்கிறது. தள்ளல் நடந்ததா இல்லையா என்பதே சில ஃபிரேம் கழித்துத்தான் இருவருக்கும் உறுதியாகும். இடைவெளி திடீரென்று விரிவது அதனால்.

சாதகமும் ஒன்று உண்டு. ஆர்கேட் பலகைக்காக எழுதிய பழைய விளையாட்டின் முழு நிலையும் இன்றைய கன்சோலுக்குத் தூசி. நகல் எடுப்பதும் எட்டு ஃபிரேமை மறுபடி ஓட்டுவதும் செலவே இல்லை. பழைய அரக்கர்கள் ஆன்லைனில் இவ்வளவு நன்றாக ஓடுவதற்குப் பாதிக் காரணம் அவர்கள் பழையவர்களாக இருப்பதுதான்.

பேருருவங்கள் ஏன் இன்னும் சிரமம்

நகரத்தை மிதிக்கும் ராட்சத விளையாட்டுகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு கட்டடம் இருநூறு துண்டாக உடைந்தால், ஆட்டத்தைப் பாதிக்கக்கூடிய ஒவ்வொரு துண்டின் இடமும் வேகமும் சுழற்சியும் நகலில் சேர வேண்டும். எட்டு ஃபிரேமை மறுபடி ஓட்டும்போது அந்த இயற்பியல் கணக்கையும் எட்டு முறை போட வேண்டும். வரைவதற்கே பத்து மில்லிவினாடி போய்விடுகிறது என்று வைத்தால், மீதி ஆறரையில் எட்டு ஃபிரேம், ஒன்றுக்குச் சுமார் 0.8 மில்லிவினாடிதான் கிடைக்கும். இயற்பியல் நிரல்கள் எல்லா இயந்திரத்திலும் அச்சொட்டாக ஒரே விடை தருவதும் இல்லை.

ஆட்கள் நால்வர் என்றால் ஒவ்வொரு கன்சோலும் மூவரை ஊகிக்க வேண்டும். மேலே சொன்ன கணக்குப்படி ஒருவரின் ஊகம் ஆறில் ஐந்து முறை பலிக்கும் என்றால், மூவருடையதும் ஒரே ஃபிரேமில் பலிப்பது ஏறக்குறைய 58 விழுக்காடுதான். அதோடு மூவரில் மிக மோசமான இணைப்பு யாருடையதோ, அதன் அளவுக்குப் பின்னோக்கிப் போக வேண்டும். உடைந்த துண்டுகளை வெறும் அலங்காரமாக்கி, ஆட்டத்தின் கணக்கிலிருந்து பிரித்துவிடுவதுதான் இதற்குப் புத்திசாலித்தனமான வழி. எறிந்து அடிக்கக்கூடிய துண்டு என்றால் அப்படிப் பிரிக்க முடியாது. இவ்வகை விளையாட்டின் விளம்பரத்தில் 'ஆன்லைன்' என்ற சொல்லை மட்டும் பார்த்து டார்க்ஸ்டாக்கர்ஸ் மாதிரி எதிர்பார்ப்பது நியாயமில்லை.

திரையில் தெரிவதும் அடியில் நடப்பதும்

- ஆள் அவ்வப்போது தாவுகிறார், உங்கள் பொத்தான் லேசாகவே இருக்கிறது: ரோல்பேக் வேலை செய்கிறது, ஆனால் தூரம் அதிகம் அல்லது பொட்டலங்கள் ஒழுங்கில்லாமல் வருகின்றன. எல்லா அடியிலும் ஒரே அளவு வெட்டு என்றால் தூரம். சில நேரம் சுத்தம், சில நேரம் பெரிய தாவல் என்றால் ஜிட்டர், அதாவது பொட்டலங்கள் வந்து சேரும் நேரம் ஏறி இறங்குவது. பெரும்பாலும் யாரோ ஒருவரின் வைஃபை.
- படம் சீர், பொத்தான் கனம்: டிலே அதிகம். அல்லது டிவி.
- திரை முழுவதும் நின்று நகர்கிறது: ஊகத்தின் எல்லை தாண்டிவிட்டது.
- அடி விழுந்த சத்தம் கேட்டது, உயிர் குறையவில்லை: ஊகத்தில் விழுந்த அடி, உண்மையில் தடுக்கப்பட்டது. கணக்கைத் திரும்ப அழைக்கலாம், காதில் விழுந்த சத்தத்தை முடியாது.
- ஒருவருக்கு மட்டும் தாவுகிறது, மற்றவருக்குச் சுத்தம்: ஒரு கன்சோலின் ஆட்டம் மற்றதைவிடச் சில ஃபிரேம் முன்னே ஓடுகிறது. முன்னே ஓடுபவரே எல்லா ஊகத்தையும் சுமக்கிறார். நல்ல நெட்கோட் முன்னே போனவரைக் கொஞ்சம் நிறுத்திச் சமன்செய்யும். 2016-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-இல் இந்தச் சமன் சரியில்லாமல் இருந்தது. 2020 ஜனவரியில் ரசிகர் ஒருவர் கணினிப் பதிப்புக்குத் தாமே திருத்தம் எழுதி வெளியிட்ட பிறகே காப்காமின் திருத்தம் வந்தது.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை

1. லேன் கம்பி. வைஃபையில் சராசரி பிங் நன்றாகத்தான் தெரியும். ஆனால் காற்றில் தொலைந்த பொட்டலத்தை ரூட்டர் மறுபடி அனுப்பும்போது ஒன்று 20 மில்லிவினாடியிலும் அடுத்தது 90-இலும் வரும். கம்பி முடியவே முடியாது என்றால் 2.4-ஐ விட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பழைய ஸ்விட்ச் டாக்கில் லேன் துளை இல்லை, யுஎஸ்பி அடாப்டர் வேண்டும். 2021-இன் ஓஎல்இடி ஸ்விட்ச்சின் டாக்கிலேயே துளை உண்டு.
2. வீட்டில் வேறு யாராவது பெரிய கோப்பைப் பதிவேற்றினால் நிறுத்தச் சொல்லுங்கள். ரூட்டரின் வரிசையில் உங்கள் இரண்டு பைட்டும் அந்தக் கோப்பின் பின்னால் நிற்கும். ரூட்டரில் இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் இயக்கிவிடலாம்.
3. கன்சோலின் இணைப்பு அமைப்பில் நேட் (ரூட்டர் வீட்டு முகவரியை வெளி முகவரியாக மாற்றும் முறை) வகையைப் பாருங்கள். இரு கன்சோல்களும் நேருக்கு நேர் பேச வேண்டும். பிளேஸ்டேஷனில் வகை 3, எக்ஸ்பாக்ஸில் 'ஸ்ட்ரிக்ட்' என்று காட்டினால் பலரோடு இணைப்பே கிடைக்காது. முதலில் ரூட்டரில் யுபிஎன்பி வசதியை (கன்சோலுக்கு வேண்டிய வழியைத் தானே திறந்துவிடுவது) இயக்குங்கள். ரூட்டருக்குப் பின் இன்னொரு ரூட்டர் இருந்தால் ஒன்றை பிரிட்ஜ் நிலைக்கு, அதாவது தகவலை அப்படியே கடத்திவிடும் நிலைக்கு மாற்றுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் சேவை நிறுவனமே பல வீடுகளுக்கு ஒரே முகவரி தருகிறது. அவர்களிடம் பொது முகவரி கேட்பது தவிர வழியில்லை.
4. டிவியில் கேம் மோட். இது வலைக்கே சம்பந்தமில்லாத தாமதம், எந்த நெட்கோடும் தொடாது.
5. விளையாட்டில் இன்புட் டிலே அமைப்பு இருந்தால், ஒருவழி ஃபிரேமிலிருந்து இரண்டைக் கழித்து வையுங்கள், குறைந்தது 1. பிங் 60-க்கு 1, பிங் 120-க்கு 2, பிங் 200-க்கு 4. பூஜ்யம் வைத்தால் பொத்தான் இனிக்கும், எதிராளி தாவுவார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மாற்றாதீர்கள், கை பழகாது.

ஆள் எண்ணிக்கையும் நெட்கோடின் ஒரு பகுதிதான்

காப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷனில் பத்து விளையாட்டுகள். வந்தது பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி என்று நான்கு தளங்களில். தளம் விட்டுத் தளம் ஆட முடியாது. நாற்பது சிறு குளங்கள். அதில் வாம்பயர் சேவியருக்கு இந்த நேரத்தில் காத்திருப்பவர் மூன்று பேர், மூவரும் வேறு கண்டத்தில் என்றால், பிங் 200 தவிர உங்களுக்கு வேறு எதுவும் கிடைக்காது. 2013 பதிப்பு இன்னும் இறுகிய குளம்: எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலை 29-இல் மூடப்பட்டது, அந்தக் கன்சோலிலிருந்து புதிதாக வாங்கி உள்ளே வருபவர் இல்லை. கணினியில் இதே விளையாட்டை ஆடுபவர்கள் ஃபைட்கேட் என்ற ஆன்லைன் ஆட்டத் தளத்தில் திரள்வதும் இதனால்தான். அங்கே ஒரே அறையில் எல்லாரும், பெயருக்குப் பக்கத்திலேயே பிங்.

கன்சோலில் இருப்பவர்கள் தரவரிசை ஆட்டத்தில் இணைப்புத் தர வடிகட்டியை மிகக் கடுமையாக வைத்துவிட்டு 'ஆளே இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கீழிருந்து ஒரு படி மேலே வைத்துத் தேடுங்கள், அமைந்தவரோடு இரண்டு ஆட்டம் ஆடுங்கள். நன்றாக ஓடினால் நண்பராகச் சேர்த்துக்கொண்டு, அடுத்த முறை தேடலை விட்டுத் தனி அறை திறந்து அழையுங்கள். பிங் குறைந்த பத்துப் பேர் நண்பர் பட்டியலில் சேர்ந்துவிட்டால், தேடல் பட்டனைத் தொட வேண்டிய தேவையே பல நாள் வராது.